அரசு வேலை: பொருளாதாரத்துக்குத் தோளா, சுமையா?

#1 நடைவண்டி

பட்ஜெட் வந்தால் போதும், இரண்டு வசனங்கள் தவறாமல் காதில் விழும். "வரி கட்டுகிறவன் ஒருவன், உட்கார்ந்து சாப்பிடுகிறவன் இன்னொருவன்" என்பது ஒன்று. "அரசு ஊழியர் சம்பளம் வாங்கிச் செலவழிப்பதால்தான் கடைத்தெருவே ஓடுகிறது" என்பது மற்றொன்று. இருபது வருடமாக இரண்டையும் கேட்டுக் கேட்டு, இரண்டின் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

முதல் வசனக்காரர் குழாயில் வரும் தண்ணீரையும், நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் பத்திரத்தையும், தடுப்பூசியையும் இயற்கை தந்த கொடை என்று நினைக்கிறார். இரண்டாவது வசனக்காரர், அந்தச் சம்பளம் வரியாகவோ கடனாகவோ இன்னொருவர் பையிலிருந்துதான் வந்தது என்பதை மறந்துவிடுகிறார். அந்த இன்னொருவரும் கடைத்தெருவுக்குத்தானே போயிருப்பார்?

சம்பளம் எங்கே போகிறது என்பதைவிட, அந்த ஆள் இந்த வேலையில் இல்லாவிட்டால் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. சும்மா இருந்திருப்பார் என்றால் ஒரு கணக்கு. வேறு நல்ல வேலையில் இருந்திருப்பார் என்றால் முற்றிலும் வேறு கணக்கு.

விவாதிக்கலாம். கட்சிப் பெயரோடு வருகிறவர்களுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 கூட்டல்கழித்தல்

நல்ல தொடக்கம். நான் சுமைக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டதை 1850-லேயே பாஸ்டியா என்ற பிரெஞ்சுக்காரர் கேட்டுவிட்டார். ஒரு பையன் கண்ணாடி ஜன்னலை உடைக்கிறான். கண்ணாடிக்காரருக்கு வேலை கிடைத்தது, நல்லதுதானே என்கிறது ஊர். அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் வாங்கியிருக்க வேண்டிய செருப்பு யார் கண்ணிலும் படவில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணி, தெரியாததை விட்டுவிடுகிறோம். அரசு வேலை பற்றிய பேச்சில் முக்கால்வாசி இந்தக் கண்ணாடிக் கணக்குதான்.

அடுத்தது பெருக்கம். பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955-ல் எடுத்துக்காட்டிய பிரிட்டிஷ் கடற்படைக் கணக்கைப் பாருங்கள். 1914-ல் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62. 1928-ல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆகிவிட்டார்கள். கப்பல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, அதைப் பற்றிக் கோப்பு எழுதுபவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தனியார் நிறுவனத்தில் இப்படி நடந்தால் அது மூழ்கும். அரசு மூழ்காது, மற்றவர்களைத்தான் மூழ்கடிக்கும்.

#3 மேசைக்காரர்

நான் 31 வருடம் அரசு மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எனவே என் பேச்சில் சார்பு இருக்கும், தள்ளுபடி செய்து படியுங்கள்.

பார்க்கின்சன் எழுதியது நையாண்டி. எண்கள் உண்மைதான், ஆனால் அந்தப் பதினான்கு வருடத்தில் நீர்மூழ்கி, வானொலி, விமானம் எல்லாவற்றின் முக்கியத்துவமும் கூடிவிட்டது. கப்பலை எண்ணி எழுத்தரை எண்ணினால் போதாது.

கண்ணுக்குத் தெரியாதது என்று கூட்டல்கழித்தல் சொன்னார். சரி, தெரியாத இன்னொன்றைச் சொல்கிறேன். பெரியம்மை. 1967-ல் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் அந்த நோய் வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் தீவிர ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-ல், சோமாலியாவில். ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர்கள், நோயாளியைத் தேடிப்பிடித்துப் பதிவேட்டில் எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்கிய சுகாதாரப் பணியாளர்கள், அந்தந்த நாட்டு அரசின் ஆட்கள்.

இல்லாத ஒரு நோயை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். அதனால் அதை விற்க நிறுவனமும் வராது. அந்தப் பணியாளர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள், வரவிலா செலவிலா?

#4 புதுவாசகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அடிப்படைச் சந்தேகம். சம்பளம் சுற்றிச் சுற்றி வந்து எல்லோருக்கும் நல்லது செய்யும் என்றால், வேலையில்லாத எல்லோரையும் அரசே எடுத்துக்கொண்டால் என்ன? யாராவது நேராகப் பதில் சொல்லுங்களேன்.

#5 நடைவண்டி

நேரான கேள்வி. நேராகவே பார்ப்போம்.

கெய்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1936-ல் விளையாட்டாக ஒன்று சொன்னார். பழைய பாட்டில்களில் பண நோட்டுகளை அடைத்து, கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் புதைத்து, மேலே குப்பையைப் போட்டு மூடிவிடுங்கள். தனியார் தோண்டி எடுத்துக்கொள்ளட்டும், வேலையின்மை தீர்ந்துவிடும் என்றார். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு அவரைக் கிண்டல் செய்வார்கள். அடுத்த வரியிலேயே, வீடு கட்டுவது மாதிரி உருப்படியான வேலை செய்தால் இன்னும் நல்லது, அதற்கு வழியில்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இது மேல் என்றுதான் எழுதினார்.

அவர் எழுதிய காலத்தை மறக்கக் கூடாது. 1933-ல் அமெரிக்காவில் சுமார் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆள் சும்மா, ஆலை சும்மா, வங்கியில் கடன் கேட்க ஆள் இல்லை. அந்த நிலையில் அரசு ஒருவரை வேலைக்கு எடுத்தால் வேறு எவரிடமிருந்தும் பிடுங்கவில்லை. வேலையில்லாதவர்களுக்காக அமெரிக்க அரசு 1935-ல் தொடங்கிய டபிள்யூபிஏ என்ற பொதுப்பணித் திட்டம் எட்டு வருடத்தில் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. 6.5 லட்சம் மைல் சாலை, ஒரு லட்சத்துக்கு மேல் பொதுக் கட்டடங்கள். அவற்றில் பல இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

இப்போது மறுபக்கம். எல்லா ஆலையும் முழுவீச்சில் ஓடுகிறது, தச்சரைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போது அரசு பத்தாயிரம் பேரை எடுத்தால் அவர்கள் எங்கிருந்தோ கழன்றுதான் வர வேண்டும். கூலி ஏறும், விலை ஏறும், வட்டி ஏறும். கண்ணாடிக் கதை இங்கே அப்படியே பொருந்தும்.

ஆக புதுவாசகிக்குப் பதில்: எல்லோரையும் எடுக்கலாம், ஆனால் அவர்கள் உண்மையிலேயே சும்மா இருக்கும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நீங்கள் எடுப்பது வேலையில்லாதவரை அல்ல, பக்கத்து வேலைக்காரரை.

#6 கூட்டல்கழித்தல்

நடைவண்டி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சின்ன விஷயத்தை நழுவவிட்டுவிட்டார். டபிள்யூபிஏவை 1943-ல் மூடிவிட்டார்கள். போர் வேலையே எல்லோரையும் இழுத்துக்கொண்டதால் திட்டம் தேவைப்படவில்லை. அது தற்காலிக வேலை.

நாம் பேசுவது நிரந்தரப் பணியிடம். அதன் கணக்கே வேறு. 25 வயதில் ஒருவரை நியமன ஆணை கொடுத்து எடுத்தால், முப்பது முப்பத்தைந்து வருடச் சம்பளம், அப்புறம் பென்ஷன், பல நாடுகளில் அவருக்குப் பிறகு துணைவருக்குக் குடும்ப பென்ஷன். அறுபது வருட வாக்குறுதி. மந்த நிலை இரண்டு வருடம், மருந்து அறுபது வருடம். காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரையை நிறுத்த முடியாத வைத்தியம் இது.

எகிப்தைப் பாருங்கள். 1960-களில் பட்டதாரிகள் எல்லோருக்கும் அரசு வேலை என்று உறுதி கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். இளைஞர்கள் எந்தப் படிப்புக்குத் தொழிலில் மவுசு என்று பார்ப்பதை விட்டார்கள், எந்தப் பட்டம் கிடைத்தாலும் போதும் என்று படித்தார்கள். வரிசை நீண்டது. ஒரு கட்டத்தில் பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் நியமனத்துக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. இடையில் வேறு வேலைக்கு முழு மனதோடு போனவர்கள் குறைவு. போனால் வரிசையில் இடம் போய்விடுமோ என்ற பயம்.

சம்பளப் பட்டியலில் இருப்பவரைவிட, அதில் சேரக் காத்திருப்பவர்தான் பெரிய செலவு. அவருடைய இருபதுகள் முழுக்க எந்த உற்பத்தியிலும் வராமல் கரைகின்றன.

#7 மாற்றுப்பாதை

ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். உபதேசம் இல்லை, எண் மட்டும்.

இங்கிலாந்தில் 2003 முதல் 2007 வரையிலான தரவை வைத்து ஃபாஜ்ஜியோ, ஓவர்மன் என்ற இருவர் பார்த்தார்கள். ஒரு பகுதியில் 100 அரசு வேலை கூடினால், கட்டுமானம், சேவைகள் போன்ற உள்ளூர்த் தொழில்களில் சுமார் 50 வேலை கூடியது. வெளியே விற்கும் உற்பத்தித் தொழில்களில் சுமார் 40 குறைந்தது. நிகரமாகத் தனியார் வேலையில் பெரிய மாற்றம் இல்லை, கலவைதான் மாறியது.

இதைப் பார்த்துத்தான் இரு கட்சியும் சண்டை போடுகின்றன என்று நினைக்கிறேன். கடைக்காரரைக் கேட்டால் அரசு அலுவலகம் வந்ததால் பிழைத்தோம் என்பார். ஆலை முதலாளியைக் கேட்டால் ஆள் கிடைக்காமல் போய்விட்டது என்பார். இருவர் சொல்வதும் நிஜம்.

பான் நகரக் கதையும் இதை ஒட்டியதே. 1949-ல் மேற்கு ஜெர்மனி அந்தச் சின்ன ஊரைத் தலைநகராக்கியது. அரசு வேலை குவிந்தது. அதைப் பின்னாளில் ஒத்த ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தனியார் வேலை கூடியது கொஞ்சம்தான். தலைநகரமே வந்தும் பெரிய தொழில் நகரமாகவில்லை.

#8 மேசைக்காரர்

மாற்றுப்பாதை தம்பி சொன்னது நல்ல விஷயம். ஆனால் தலை எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம்.

நார்வேயில் வேலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் அரசுப் பணியில். ஜப்பானில் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஊழியர்தான் சுமை என்றால் நார்வே கடனில் மூழ்கி, ஜப்பான் மிதந்திருக்க வேண்டும். ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டு ஜிடிபியில் 200 சதவீதத்துக்கு மேல். நார்வே அரசு உலகத்துக்கே முதலீட்டாளர். (எண்ணெய் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அண்டை நாடான டென்மார்க்கிலும் நான்கில் ஒருவருக்கு மேல் அரசு ஊழியர். அங்கே நார்வே அளவுக்கு எண்ணெய் கிடையாது.)

இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டு, என் அலுவலகக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

எங்களுக்குக் கணினி வந்தது. பதிவேடுகள் எல்லாம் கணினியில் ஏறும், வேலை பாதியாகும் என்றார்கள். ஏறியது. ஆனால் பழைய லெட்ஜரை நிறுத்தச் சொல்லி எவரும் ஆணை போடவில்லை. போட்டவர் பின்னால் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டுமே! ஆகவே ஒரே பதிவைக் காலையில் லெட்ஜரிலும் மதியம் கணினியிலும் ஏழு வருடம் எழுதினோம். வாரக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்துகிறது என்று மூன்றாவதாக ஒரு பதிவேட்டில் கையெழுத்து. அந்த மூன்றாவது பதிவேட்டுக்கு நான்தான் பொறுப்பு. ஆட்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்தோம். அந்த வேலை இல்லாமல் போயிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது.

நான் சேர்ந்த அதே அலுவலகத்தில், வெள்ளம் வந்த ஒரு வருடம், அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் மூன்றே நாளில் நிவாரணப் பட்டியல் போட்டோம். அதையும் சொல்ல வேண்டும்.

#9 எறும்பு

ஆக, ஏழு வருடம் வீண் என்று ஊழியரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இழையைப் பூட்டிவிடலாமா?

#10 நடைவண்டி

எறும்பு, கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு வாருங்கள். அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே அலுவலகம், ஒரே ஆட்கள், ஒரே சம்பளம். ஒரு வாரம் தோள், மற்ற வாரம் சுமை. சம்பளச் செலவை மட்டும் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜிடிபி கணக்கில் அரசு சேவைக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் அதற்கு ஆன செலவையே, அதாவது பெரும்பாலும் சம்பளத்தையே, அதன் மதிப்பாக எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். மேசைக்காரரின் மூன்றாவது பதிவேடும் பெரியம்மை ஊசியும் அந்தக் கணக்கில் சம்பள அளவுக்கே மதிப்பு பெறும். ஊசி பன்மடங்கு தந்தது, பதிவேடு பூஜ்யம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்று.

#11 புதுவாசகி

அப்படியென்றால் சம்பளத்தை உயர்த்தினால் வேலை ஒழுங்காக நடக்குமா? ஆசிரியர், நர்ஸ் பற்றி எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

#12 மாற்றுப்பாதை

சொல்கிறார்கள். ஆனால் தரவு அவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

வங்கதேசம், எக்குவடோர், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போய்ப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது. சராசரியாக ஆசிரியர்களில் 19 சதவீதம், சுகாதாரப் பணியாளர்களில் 35 சதவீதம் அன்றைக்கு இடத்தில் இல்லை. இந்தியாவில் ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் இல்லை.

இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். சில பள்ளிகளில் முன்னதாகவும் சிலவற்றில் பிறகும் கொடுத்து ஒப்பிட்டதில், ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பக்கத்தில் வேறு வேலை பார்ப்பது குறைந்தது. பிள்ளைகளின் கற்றலில் மாற்றமே இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் கூட்டினால் இதுதான் நடக்கும்.

ஜார்ஜியா வேறு வழியில் போனது. 2003 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு, லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துக் காவலர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குறைவான புது ஆட்களை நல்ல சம்பளத்தில் எடுத்தார்கள். வழிப்பறி மாதிரி நடந்த தெருவோர வசூல் வெகுவாகக் குறைந்தது. எல்லா நாட்டிலும் இதைச் செய்ய முடியும் என்று சொல்லவில்லை. செய்வதற்கு அசாத்தியத் துணிச்சலும், தூக்கப்பட்டவர்கள் திரும்பி வந்து ஆட்சியைக் கவிழ்க்காத சூழலும் வேண்டும்.

#13 சாவிக்கொத்து

பல நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன். முதல் பதிவு.

நான் ஒரு பொது மருத்துவமனையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடம். ஆனால் அரசு ஊழியர் அல்ல, ஒப்பந்ததாரர் ஆள். ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறிவிட்டார், நான் அதே சாவிக்கொத்தோடு அதே இடத்தில் இருக்கிறேன். பட்ஜெட்டில் என் கூலி "சம்பளம்" என்ற தலைப்பில் வராது. "சேவைகள் கொள்முதல்" என்பதில் வரும். எனவே ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், அந்தக் குறைந்த எண்ணிக்கையில் நான் ஒருவன்.

குறைந்தது என்ன என்று கேட்டால் எனக்கு விடுப்பும் பென்ஷனும் குறைந்தது. எனக்காக மருத்துவமனை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகையை ஒருமுறை பில்லில் பார்த்தேன். என் கைக்கு வருவதைவிட நிறைய. நடுவில் இருப்பவர் எந்தக் கட்சி, தோளா சுமையா என்று இங்கே யாராவது சொன்னால் தேவலை.

#14 கூட்டல்கழித்தல்

சாவிக்கொத்து, வருக. உங்களுக்கு நேர்மையான பதில்: அவர் சுமை. சுமைக் கட்சிக்காரன் நானே சொல்கிறேன். போட்டி டெண்டர் ஒழுங்காக நடந்து, வேலையை அளந்து பணம் கொடுத்தால் ஒப்பந்த முறை மிச்சம் தரும். இரண்டும் இல்லாத இடத்தில் அரசுச் செலவு குறையாது, பெயர் மட்டும் மாறும்.

இந்த இழையில் நான் இன்னொன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும். கிரீஸ். 2010-ல் கடன் கொடுத்தவர்கள் சம்பளத்தை வெட்டு, ஆளை வெட்டு, பென்ஷனை வெட்டு என்றார்கள். நானும் அப்போது கைதட்டினேன். வெட்டினார்கள். சில வருடத்தில் பொருளாதாரமே கால் பங்கு சுருங்கிவிட்டது. 2009-ல் ஜிடிபியில் சுமார் 127 சதவீதமாக இருந்த கடன் 2014-ல் சுமார் 180. நடுவில் கடன்காரர்கள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தும் இந்த நிலை. மேலே இருக்கும் கடனைக் குறைக்கப் போய், கீழே வகுக்கும் எண்ணையே சுருக்கிவிட்டார்கள்.

பன்னாட்டு நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார நிபுணர் ப்ளான்ஷாரே, லீ என்பவரோடு சேர்ந்து 2013-ல் கணக்குப் பார்த்து, மந்த காலத்தில் வெட்டினால் வரும் பாதிப்பைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்று எழுதினார். ஒரு யூரோ வெட்டினால் அரை யூரோ அளவுக்குத்தான் பொருளாதாரம் சுருங்கும் என்பது மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். நடந்தது ஒன்றுக்கும் மேலே.

ஆனால் முழுதாகத் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த நிலைக்கு கிரீஸ் வந்ததற்குக் காரணம், நல்ல வருடங்களில் பற்றாக்குறையோடு வாழ்ந்ததும் கணக்கை மறைத்ததும். வெயிலில் கூரை வேயாதவர் மழையில் வேயக் கூடாது என்று கெய்ன்ஸ்காரர்கள் சொல்கிறார்கள், சரி. வெயிலில் வேய்ந்த அரசு எத்தனை?

#15 மேசைக்காரர்

இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அங்கே அரசுப் பணியாளர் அதிகம் என்று பேசுகிறார்கள், அதிகம்தான். ஆனால் 2019 கடைசியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக ஒரே வெட்டு வெட்டினார்கள், வேறு பல வரிகளையும் எடுத்தார்கள். அடுத்து கொரோனா, உரத் தடை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செலவு பூதம் என்று எல்லோரும் ஒரு வாசலைக் காவல் காக்கும்போது, வருவாய் இன்னொரு வாசல் வழியாகப் போய்விட்டது.

கூட்டல்கழித்தலுக்கு ஒரு கேள்வி: வரி வசூலிக்கும் ஆளும் அரசு ஊழியர்தானே? அவரைக் குறைத்தால் மிச்சமா, நட்டமா?

#16 கூட்டல்கழித்தல்

நட்டம். ஆளைப் பொறுத்து, ஆனால் பொதுவாக நட்டம். போதுமா ஐயா?

#17 மாற்றுப்பாதை

இழை இப்படி ஒப்புக்கொள்ளும் திசையில் போவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு கல்லைப் போடுகிறேன்.

நூறு நாள் வேலை. 2005-ல் சட்டமாக வந்தபோது, இது தனியார் வேலைக்கு ஆள் கிடைக்காமல் செய்யும், குழி தோண்டி மூடும் திட்டம் என்று விமர்சனம். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கூலிப் பட்டுவாடாவை ஸ்மார்ட் கார்டு முறைக்கு மாற்றினார்கள். எந்த மண்டலத்துக்கு முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதனால் திட்டம் ஒழுங்காக நடந்த இடத்தையும் நடக்காத இடத்தையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் செய்த ஆய்வு.

ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. ஆனால் கூடியதில் பெரும்பகுதி திட்டக் கூலி அல்ல. வெளிவேலைக் கூலி கூடியதால் வந்தது. கூலி கூடினால் வேலை குறைய வேண்டும் என்பது பாடம். தனியார் வேலை குறையவில்லை, கூடியது.

கூட்டல்கழித்தலின் கண்ணாடிக் கதை ஏன் இங்கே பொருந்தவில்லை? நிலமுள்ள சிலர் மட்டும் வேலை கொடுக்கும் இடத்தில், கூலியை நிர்ணயிப்பது சந்தை அல்ல, அந்தச் சிலர். கூலிக்காரருக்கு "வேண்டாம்" என்று சொல்ல இன்னொரு இடம் கிடைத்ததும் பேரமே மாறிவிட்டது என்பது என் ஊகம். இங்கிலாந்து ஆய்வில் அப்படி ஒரு நிலை இல்லை, எனவே அங்கே முடிவு வேறு. இடத்துக்கு இடம் மாறும் விஷயத்தை "அரசு வேலை" என்று ஒரே சொல்லில் கட்டி இழுக்கிறோம்.

#18 எறும்பு

குழி தோண்டி மூடுவதும் நடக்கத்தான் செய்தது. அதையும் எழுதுங்கள்.

#19 மாற்றுப்பாதை

நடந்தது. எழுதிவிட்டேன்.

#20 புதுவாசகி

எல்லோருக்கும் நன்றி. நான் ஏன் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். #6-ல் சொன்ன வரிசையில் நானும் நிற்கிறேன். நான்கு வருடமாகத் தேர்வு எழுதுகிறேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் பணி, 11 இடம். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இடையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அந்த நான்கு வருடத்தை யார் கணக்கில் எழுதுவது என்று படிக்கும்போது கொஞ்சம் வலித்தது. கோபம் இல்லை.

#21 கூட்டல்கழித்தல்

எழுதும்போது உங்களை மாதிரி ஒருவர் இதைப் படிப்பார் என்று நினைக்கவில்லை. மன்னிக்கவும்.

ஒன்று மட்டும். அந்த 11 இடத்தை நான் எதிர்க்கவில்லை. தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்கு 11 போதுமா என்றுதான் கேட்பேன். நான் எதிர்ப்பது, அந்த 11-க்கு நான்கு வருடம் காக்க வைக்கும் முறையை. ஒரு காலியிடத்துக்கு அறிவிப்பு, தேர்வு, முடிவு, வழக்கு, நியமனம் எல்லாம் ஆறு மாதத்தில் முடிந்தால், கிடைக்காதவர்கள் ஏழாவது மாதமே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தனியார் ஆய்வகம் இன்னும் ஆள் எடுக்கிறது என்றால், போய்ச் சேர்ந்துகொண்டே எழுதலாமே என்று தோன்றுகிறது. அறிவுரை கேட்காமல் சொல்கிறேன், தவறாக எடுக்காதீர்கள்.

#22 புதுவாசகி

எடுக்கவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

தேர்வு அடுத்த மாதம், அதுவரை இந்தப் பக்கம் வர மாட்டேன். பொது அறிவுத் தாளில் பொருளாதாரம் உண்டு. கெய்ன்ஸ் பற்றிக் கேட்டால் அந்தப் பாட்டில் கதையை எழுதலாமா?

#23 மேசைக்காரர்

எழுதாதே அம்மா. பதினெட்டு வருடம் விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போயிருக்கிறேன். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. போட்டால் மூன்றாவது பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.